பன்றிக்கல் மேயப் போன வருஷங்கள்

எங்கள் ஊரில் கடல் வருஷாவருஷம் ஒதுங்கிக்கொண்டே போகிறது. ஒதுங்குவது கடல் இல்லை, நிலம்தான் மேலே எழும்புகிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். படகு வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். என் அப்பா பிறந்தபோது தண்ணீருக்குள் கால் நீட்டி நின்ற எங்கள் படகுக் கொட்டகை, அவர் சாகும்போது புல்தரையில் நின்றது. நடுவில் இரண்டு முறை அதைக் கழற்றி, கடலைத் துரத்திக்கொண்டு போய், மறுபடி கட்டினார். அவர் போன பிறகு கடல் இன்னும் நூறு அடி ஓடிவிட்டது. கொட்டகையும் படகும் எனக்கும் தம்பி இவாருக்கும் மிஞ்சின. தண்ணீர்தான் மிஞ்சவில்லை.

புதிதாக எழும்பிய நிலம் கரைக்காரருக்குச் சொந்தமாகாது. அது ஊருக்குச் சொந்தம். இருபது வருஷத்துக்கு ஒரு முறை, நடுக்கோடைத் திருநாளுக்கு மறுநாள், க்ரோவிக் ஊரே கூடி அதைப் பங்கு போடும். நிலத்தோடு சேர்த்து அதன் முன்னால் கிடக்கும் தண்ணீரையும்.

எங்களுக்கும் பக்கத்துக் கரைக்காரர் வால்ஃப்ரிட்டுக்கும் எல்லை, பன்றிக்கல். கரைப்பாறையில் வெட்டியிருக்கும் சிலுவைக் குறியிலிருந்து, முழங்கால் தண்ணீரில் படுத்திருக்கும் அந்தக் கல்வரைக்கும் ஒரு கயிறு பிடித்தால், கயிற்றுக்குக் கிழக்கே அவர், மேற்கே நாங்கள். சாம்பல் நிறம், புடைத்த வயிறு, ஒரு முனையில் மூக்கு மாதிரி ஒரு துருத்தல். பின்னால் ஏழு சின்னக் கற்கள், பால் குடிக்க வந்து இடம் கிடைக்காமல் நிற்கும் குட்டிகளைப் போல. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் பனி உருகியபோது விட்டுவிட்டுப் போன கற்கள் எங்கள் கடலில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. பெயர் வைக்க நேரம் கிடைத்ததற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம்.

பன்றிக்கல்லைப் பற்றி ஊர்ப் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. அது எங்கே படுத்திருக்கிறதோ அங்கேதான் எல்லை. குளிர்காலத்தில் கடல் உறைந்து அந்தப் பனி அதை நகர்த்தினால் நகர்ந்த இடமே எல்லை, ஏனென்றால் பனியோடு வழக்காட முடியாது. மனிதக் கை நகர்த்தினால் அந்தக் கைக்குப் பங்கே கிடையாது. இப்படி ஒரு விதியை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே எங்கள் முன்னோர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கல்லுக்குக் கிழக்கே ஒரு எட்டு வைத்தால் ஒரு கால்வாய். மூன்று மீட்டர் அகலம், மார்பளவு ஆழம். அந்தப் பழைய பனி இழுத்துவிட்ட இரண்டு கல்வரப்புகளுக்கு நடுவில், கொட்டகைகளுக்குப் பக்கத்திலிருந்து திறந்த கடல்வரைக்கும் நேராகப் போகும். எங்கள் கரையில் படகு மிதக்கிற தண்ணீர் அது ஒன்றுதான். அது வால்ஃப்ரிட்டின் பக்கம் இருந்தது.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. அவர் கொட்டகை வாசலில் குழாயில் புகையிலை அமுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“வால்ஃப்ரிட் மாமா, எங்க படகும் கால்வாய்ல போயிட்டு வரட்டுமே. தண்ணி என்ன தேஞ்சா போயிடும்?”

“தேயுதே ஹில்மா. வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டராம். பேப்பர்லயே போட்டிருந்தான்.”

“அப்போ நாங்க படகை என்ன பண்றது?”

“சக்கரம் மாட்டு. போன பங்கீட்டுல உங்கப்பன் நல்ல புல்தரையா பார்த்து வாங்கிக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சானே, அந்தப் புல்தரையில ஓட்டு. சொகமா போகும்.”

அந்த வருஷம் முழுக்க நானும் இவாரும் படகைச் சேற்றில் இழுத்தோம். போக நூறு அடி, வர நூறு அடி. ஒரு நாள் இவார் சேற்றில் உட்கார்ந்து, வாசா நகரத்துப் பஞ்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம், படகை விற்றுவிடலாமா என்று கேட்டான். எனக்கு முப்பத்து நாலு வயது. பதினோரு வயதிலிருந்து அந்தப் படகில்தான் இருக்கிறேன். நான்கு சுவருக்குள் நின்று நூல் சுற்ற என்னால் ஆகாது. அடுத்த பங்கீடு ஐம்பத்து நாலாம் வருஷக் கோடையில். அதற்கு மூன்று குளிர்காலம் இருந்தது.

பன்றிக்கல் நான்கு மீட்டர் கிழக்கே போனால் போதும், கால்வாய் முழுசும் எங்கள் பக்கம் வந்துவிடும்.

“பனி நகர்த்தினா தப்பில்லேன்னுதானேடா புத்தகத்துல போட்டிருக்கு?” என்றேன்.

“ஆமாக்கா.”

“நாம பனிக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவோம்.”

இவாரின் காது சிவந்தது. பொய் சொல்லும்போது மட்டுமில்லை, பொய்க்குப் பக்கத்தில் நின்றாலே அவனுக்குக் காது சிவந்துவிடும். ஆனால் படகு கட்டுகிறவன். மரம் எவ்வளவு மிதக்கும், எதைத் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் போட்டுவிட்டான். கல் இரண்டு டன். பிப்ரவரியில் பனி முக்கால் மீட்டர் கனம், அந்தத் தண்ணீரில் தரைவரைக்கும் உறைந்து கல்லை இறுக்கிப் பிடித்திருக்கும். கல்லை நடுவில் வைத்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் பாளமாக ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். தென்மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் வீசினால் எங்கள் வளைகுடாவில் தண்ணீர் அரை மீட்டர் ஏறும். பாளம் மிதக்கும், கல்லையும் தூக்கிக்கொண்டு. அப்புறம் கோலை ஊன்றித் தள்ளினால் போதும்.

பட்டப்பகலில்தான் செய்தோம். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் பனி அறுப்பதை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். எல்லோருமே அறுப்பார்கள், அறுத்து, மரத்தூளில் புதைத்துவைத்து, கோடையில் மீனுக்குப் போடுவார்கள். கிழக்கே வழி உண்டாக்க நாங்கள் அறுத்த கட்டிகளையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு இழுத்தோம். ஊர்த்தலைவர் ஆர்விட் மட்டும் காலால் உந்திப் போகும் சறுக்குவண்டியை நிறுத்திப் பார்த்தார்.

“என்ன ஹில்மா, முழங்கால் தண்ணியிலயா ஐஸ் அறுக்கிறே? பாதி சேறால்ல இருக்கும்?”

“மீனுக்குச் சேறு பழக்கம்தானே தலைவரே.”

“இவாருக்கு ஏன் காது இப்படிச் சிவந்திருக்கு?”

“குளிரு.”

பத்து நாள் கழித்துக் காற்று வந்தது, தண்ணீர் ஏறியது, பாளம் ஒரு முனகலோடு தரையை விட்டது. இரண்டு டன் கல் என் கோல்நுனிக்குக் கட்டுப்பட்டு, கல்யாணப்பெண் மாதிரி நிதானமாகக் கிழக்கே நடந்தது. சரியாக நான்கு மீட்டர். இவார் ஏழு குட்டிகளையும் பார்த்து, “அம்மா இப்போ வந்துடும், அழக்கூடாது,” என்றான்.

மே மாதம் பனியெல்லாம் போன பிறகு கயிறு பிடித்துப் பார்க்கப் போனோம். பன்றிக்கல் பழைய இடத்தில் படுத்திருந்தது.

பழைய இடத்தில்கூட இல்லை. ஒரு மீட்டர் மேற்கே தள்ளி, எங்கள் பக்கம்.

“வீட்டுக்கு வந்துடுச்சுக்கா,” என்றான் இவார். “குட்டிங்களை விட்டுட்டு இருக்க முடியலபோல.”

“வாயை மூடு. பனி உடையும்போது தள்ளியிருக்கும்.”

“நாம பொய்க்குச் சொன்னதைப் பனி நிஜமாவே பண்ணிடுச்சா?”

அடுத்த குளிர்காலம் மறுபடி அறுத்தோம். இந்த முறை ஐந்து மீட்டர், போன தடவை விட்டதையும் சேர்த்து. மே மாதம் போய்ப் பார்த்தால் பன்றி மறுபடி திரும்பியிருந்தது, கூடவே இன்னும் ஒரு எட்டு எங்கள் பக்கம். எங்கள் ஐஸ் கிடங்கு நிரம்பி வழிந்தது. அக்டோபர் வரைக்கும் வெண்ணெயைக் கல்லாக்கித் தின்றோம். வால்ஃப்ரிட்டின் கிடங்கும் அந்த இரண்டு வருஷமாக நிரம்பி வழிந்ததைப் பார்த்தேன். தனிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு என்று நினைத்ததோடு சரி. எனக்கு மூளை இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த இடத்தில் அது பொய்த்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் மாஜிஸ்டர் ஹோல்ம் வந்தார். மாஜிஸ்டர் என்பது படித்து வாங்கும் பட்டம். எங்கள் ஊரில் பட்டம் வாங்கினவருக்கு அப்புறம் பெயர் தேவைப்படாது. தலைநகரிலிருந்து கடல் மட்டம் அளக்க வந்தவர், ஒல்லியான மனுஷன், எங்கள் மாடியறையில் தங்கினார். மூன்றாம் நாள் தண்ணீர் சொட்டும் கால்சட்டையோடு சமையலறைக்குள் ஓடிவந்தார்.

“அந்தப் பன்றிக்கல் நகருது! உங்களுக்குத் தெரியுமா?”

இவார் வாயிலிருந்த உப்பு மீனை முழுசாக விழுங்கிவிட்டான்.

“கல்லு நகருமா மாஜிஸ்டர்?” என்றேன்.

“அடிக்களிமண்ல இழுத்துட்டுப் போன தடம் இருக்கும்மா. உழுத மாதிரி. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல. கிழக்க ஒண்ணு, மேற்க ஒண்ணு, திரும்பக் கிழக்க, திரும்ப மேற்க!”

விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ, அரைமணியில் வால்ஃப்ரிட் வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காதவர். காப்பி ஊற்றினேன். சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சியபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்டர் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். சாய்வுநாற்காலி மெத்தையில் முழங்கையை ஊன்றி, பலமாக அமுக்கினார்.

“இதுதான் உங்க ஊரு. மேல மூணு கிலோமீட்டர் உயரத்துக்குப் பனி. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, ஆயிரக்கணக்கான வருஷம் உட்கார்ந்திருந்துச்சு. அந்தக் கனத்துல நிலமே அமுங்கிப் போச்சு. அப்புறம் பனி உருகிப் போயிடுச்சு.” முழங்கையை எடுத்தார். மெத்தை மெல்ல உப்பியது. “இன்னும் எழுந்து முடியல. பத்தாயிரம் வருஷமா எழுந்துக்கிட்டே இருக்கு.”

“ஹில்மாவோட அப்பன் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கிற மாதிரி,” என்றார் வால்ஃப்ரிட்.

“செத்தவங்களைப் பேசாதீங்க மாமா.”

“செத்தாத்தான் எழுந்தான்னு சொல்ல வந்தேன்.”

மாஜிஸ்டருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அந்தப் பனி சும்மா உட்கார்ந்திருக்கவில்லையாம். வடமேற்கிலிருந்து நகர்ந்து வந்ததாம். வருகிற வழியில் மலையை உடைத்து, கல்லை வயிற்றுக்குள் போட்டு, பாறையைக் கல்லாலேயே சுரண்டி, மண்ணை வாரிப் பரப்பி, பின்வாங்கும்போது வருஷத்துக்கு ஒரு வரப்பாக விட்டுவிட்டுப் போனதாம். எங்கள் கரைப்பாறையில் இருக்கும் கீறல்கள் அத்தனையும் ஒரே திசையைக் காட்டுவது அதனால்தானாம்.

“இங்க எல்லாக் கல்லும் சொல்ற கதை ஒண்ணுதான். இப்பவும் கடல்பனி வருஷா வருஷம் கல்லைத் தள்ளுது, அதுவும் காத்தடிக்கிற பக்கமாத்தான் தள்ளும். இந்தப் பன்றிக்கல் மட்டும் போகுது, வருது, போகுது, வருது. காத்துக்கும் அடங்கல, நீரோட்டத்துக்கும் அடங்கல. உலகத்துலயே இப்படி ஒரு கல்லை யாரும் எழுதினதில்ல!”

“மேயப் போகுதோ என்னவோ,” என்றார் வால்ஃப்ரிட், ரொம்ப யோசனையோடு.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிவந்த குழந்தை முகம். அப்போதுதான் அவருடைய ஐஸ் கிடங்கு எனக்கு ஞாபகம் வந்தது. கவனமில்லாமல் காப்பிக் கெண்டியை வெறுங்கையால் பிடித்துவிட்டேன்.

“சூடா இருக்கா ஹில்மா?” என்றார்.

“பரவாயில்ல மாமா. எனக்குத் தாங்கும்.”

அவர் எப்படித் திருப்பினார் என்பது அதற்கப்புறம் யோசித்தால் கஷ்டமில்லை. குளிர்காலத்தில் பனியைத் துளைத்து வலை போடும் இடத்துக்கு அவர் குறி வைப்பது பன்றிக்கல்லையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பார்த்துத்தான். நாலு மீட்டர் தப்பினால் முதல் நாளே தெரிந்திருக்கும். நாங்கள் பிப்ரவரியில் தள்ளினோம். பனி உடையும் ஏப்ரலில் தண்ணீர் ஏறும்போது அவர் திருப்பித் தள்ளினார். அவரைக் காட்டிக்கொடுத்தால் நான் மாட்டுவேன். அவரும் சும்மா திருப்பவில்லை, இரண்டு தடவையும் ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளியிருக்கிறார், அதனால் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கும் வாய் இல்லை. இரண்டு பேருக்கும் பங்கு போய்விடும். மாஜிஸ்டர் கல்லின் முதுகில் ஒரு பித்தளை ஆணி அறைந்தார். பனி உடையும்போது கேமராவோடு வருவேன், என் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிக் குளிர்காலம் எங்கள் பக்கம் இல்லை. பிப்ரவரி முழுக்கக் காற்றே கிடையாது. வானம் நீலமாக, குளிர் ஊசியாக, தண்ணீர் எப்போதையும்விடக் கீழே. அறுத்து வைத்த பாளம் தரையை விட்டு எழும்பவில்லை, மறுபடி உறைந்தது, மறுபடி அறுத்தோம். மார்ச்சும் அப்படியே போனது. இவார் பஞ்சாலைக்கு எழுதிப்போட்டுப் பதிலும் வாங்கிவிட்டான். கடிதத்தை அலமாரியில் தட்டுக்கு அடியில் வைத்திருந்தான். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் தென்மேற்குக் காற்று வந்தது. இரண்டு நாள் வீசியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கோலும் ரம்பமுமாகக் கிளம்பினோம். கால்வாயில் பனி கரைந்து கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. அதற்கு இப்பால் எங்கள் பாளம் அப்படியே இருந்தது, நடுவில் பன்றிக்கல்லோடு. பாளத்தின் மேல் வால்ஃப்ரிட் முழங்காலிட்டு அறுத்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். நாங்கள் நின்றோம்.

“ஐஸ் அறுக்கிறேன்,” என்றார்.

“ஏப்ரல்லயா?”

“கோடைக்கு வேணுமே. நீ எங்க கிளம்பிட்டே?”

“நாங்களும் ஐஸ்தான்.”

“அறுங்க, அறுங்க. பனி என்ன எனக்கு மட்டுமா சொந்தம்?”

இவார் தொண்டையைக் கனைத்தான். “அக்கா, ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். அப்புறம் எதுக்கு இந்த—”

“நீ சும்மா இரு!” என்று நானும் வால்ஃப்ரிட்டும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அதற்கப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. நான் பாளத்தில் ஏறி மேற்கு ஓரத்தில் கோலை ஊன்றினேன், கிழக்கே தள்ள. அவர் கிழக்கு ஓரத்துக்குப் போய் ஊன்றினார், மேற்கே தள்ள. பாளம் இரண்டு பேருக்கும் நடுவில் அசையாமல் நின்றது.

“ரெண்டு வருஷமா தெரிஞ்சும் ஏன் ஊர்ல சொல்லல மாமா?”

“சொல்லியிருப்பேன். மே மாசம் கயிறும் கையுமா வந்து நின்னு நீ முழிக்கிறதைப் பார்க்கணுமே! அதுக்காகவே குளிர்காலம் பூரா உசிரோட இருந்தேன் புள்ள.”

“கூட ஒரு மீட்டர் தள்ளினீங்களே, அது?”

“கூலி. தனி ஆளா ரெண்டு டன் தள்ளியிருக்கேன், இந்த வயசுல!”

“எங்க கல்லுக்கு நீங்களே கூலி எடுத்துப்பீங்களா?”

“உங்க கல்லா? யாரு கல்லு? பெத்துப் போட்டியா?”

“பாளம் நாங்க அறுத்தது!”

“நாலாவது பக்கம் நான் அறுத்தேன்!”

கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மாஜிஸ்டர் இடுப்புவரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, ஓரப்பனியில் தடுமாறித் தடுமாறி வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் கோலைப் போட்டுவிட்டு, நான் மேற்கு ஓரத்திலும் அவர் கிழக்கு மூலையில் கரைப்பக்கமாகவும், அறுபடாமல் நின்ற பனிமேல் குதித்தோம். அகப்பட்ட கோழித்திருடர்கள்கூட அப்படிக் குதிக்க மாட்டார்கள். குதித்ததும் வாய் நின்றதா என்றால் இல்லை. எல்லாம் உன்னால்தான் என்று நானும், உன் அப்பனால்தான் என்று அவரும், பாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

அப்போது காற்று திரும்பியது.

இரண்டு நாளாக உள்ளே தள்ளிய தண்ணீர் கடலுக்குத் திரும்பக் கிளம்பியது. பாளம் முதலில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. பிறகு யாரும் தொடாமல், யாரையும் கேட்காமல், கிழக்கே நகர்ந்து கால்வாய்க்குள் இறங்கியது. ஒரு சுற்று சுற்றி மூக்கைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டது. பன்றிக்கல் பனியின்மேல் படுத்தபடியே, சந்தைக்குப் போகும் கொழுத்த சீமாட்டி மாதிரி, நடுக்கால்வாயில் போனது. சாய்ந்த பாளத்தின் ஓரங்கள் கல்வரப்பில் உரசி உரசி நொறுங்கின. குட்டிகள் ஏழும் இருந்த இடத்தில் இருந்தன.

“நகருது! நகருது!” என்று மாஜிஸ்டர் அழாத குறையாகக் கூவினார். கேமரா கிளிக் கிளிக் என்றது.

கால்வாய் முடிந்து திறந்த கடல் ஆரம்பிக்கும் இடத்தில் பாளம் தேய்ந்து பாதியாகியிருந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நடுவில் பிளந்தது. பன்றிக்கல் மூக்கை முதலில் நனைத்தது, பிறகு வயிற்றை, பிறகு பித்தளை ஆணி ஒரு தடவை மின்னியது. அப்புறம் கொஞ்சம் குமிழி.

அங்கே ஆழம் ஐந்து மீட்டர்.

வால்ஃப்ரிட் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் சால்வையைக் கழுத்துக்கு இறக்கினேன்.

மறுநாள் காலை மாஜிஸ்டர் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றை என் சமையலறை மேஜைமேல் வைத்தார். பிரித்தால் எங்கள் ரம்பம், கைப்பிடியில் அப்பா சுட்டுவைத்த எழுத்தோடு. பனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அவர் கையில் இன்னொரு பொட்டலம் இருந்தது.

“இதை வால்ஃப்ரிட் வீட்டுல குடுக்கணும்,” என்றார். அவ்வளவுதான். காப்பிகூடக் குடிக்கவில்லை. எனக்கு அன்று முழுக்க நாக்கில் ருசியே தெரியவில்லை.

நடுக்கோடைத் திருநாளுக்கு மறுநாள் ஆர்விட்டின் வலைக்கிடங்கில் ஊர் கூடியது. மாஜிஸ்டரையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். எல்லோருக்கும் திருநாளில் குடித்ததன் தலைவலி. ஆர்விட் ஊர்ப் புத்தகத்தைத் திறந்து விதியை வாசித்தார். பனி நகர்த்தினால் ஒரு மாதிரி, கை நகர்த்தினால் வேறு மாதிரி. வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். என்னை இல்லை, வால்ஃப்ரிட்டை இல்லை. அந்த மனுஷன் தலைவர் ஆனது சும்மா இல்லை.

“இவார், நீ எழுந்திரு. பொய் உனக்கு வராது, ஊருக்கே தெரியும். பன்றிக்கல் கிளம்பினப்போ உன் கை எங்கே இருந்துச்சு?”

அலமாரித் தட்டுக்கு அடியில் இருக்கும் கடிதம் கண்முன்னால் வந்தது.

இவார் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

“என் காதுல தலைவரே.”

“காதுலயா?”

“ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டிருந்தேன். அக்காவும் மாமாவும் போட்ட சத்தம் அப்படி.”

கிடங்கில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. இவாரின் காது வெள்ளையாக இருந்தது. அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள்.

“மத்த ரெண்டு பேர் கை?”

இதற்கு மாஜிஸ்டர் எழுந்தார். “என்கிட்ட போட்டோ இருக்கு,” என்று ஒன்றை எடுத்து நீட்டினார். நடுவில் பாளமும் பன்றிக்கல்லும். இடது ஓரத்தில் நான் வாயைத் திறந்தபடி, ஒரு விரலை நீட்டிக்கொண்டு. வலது ஓரத்தில் வால்ஃப்ரிட், அவரும் வாயைத் திறந்தபடி, முஷ்டியை உயர்த்திக்கொண்டு. கல்லுக்கும் எங்களுக்கும் நடுவில் பத்தடி இடைவெளி.

“கல் நகர்ந்தப்போ அதை யாரும் தொடல,” என்றார். “பனியும் தண்ணியும்தான் எடுத்துட்டுப் போச்சு. இதை எங்க கேட்டாலும் சொல்லுவேன்.”

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் உட்கார வந்தபோது மெல்லக் கேட்டேன். “முன்னாடி ரெண்டு வருஷமா போயிட்டு வந்த தடமெல்லாம், மாஜிஸ்டர்?”

“அதைக் குறிப்பேட்டுல அடிச்சுட்டேன்மா,” என்றார் என் பக்கம் திரும்பாமலே. “அது நான் படிக்கிற பாடம் இல்ல.”

மதியம் படகில் போய் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கித் தேடினார்கள். ஆறாவது தடவை கல் தட்டியது. அதற்கு நேர்மேலே ஒரு மிதவை கட்டினார்கள். சிலுவைக் குறியிலிருந்து மிதவைவரைக்கும் ஆர்விட் கோடு பார்த்தார். கோடு கால்வாயின் நட்டநடுவே, தலைவகிடு எடுத்தது மாதிரி போனது. எங்களுக்கு ஒன்றரை மீட்டர், வால்ஃப்ரிட்டுக்கு ஒன்றரை மீட்டர். மாஜிஸ்டர் கணக்குப்படி பன்றி மறுபடி வெளியே தலைகாட்ட அறுநூறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அதை யாராலும் நகர்த்த முடியாது. புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எனக்கு அடுத்து வால்ஃப்ரிட் போட்டார், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

“உன் படகு எவ்வளவு அகலம்?” என்றார் வெளியே வந்ததும்.

“ரெண்டு மீட்டர். உங்களுது?”

“ரெண்டேகால்.”

“அப்போ நீங்கதான் மாமா எங்க தண்ணியை அதிகமா தேய்க்கப்போறீங்க.”

அன்று சாயங்காலமே இவார் தட்டுக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்து அடுப்பு மூட்டினான். கொட்டகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று படகை மட்டும் உருட்டுக்கட்டை போட்டு இறக்கிக் கால்வாயில் விட்டோம். கயிறு தளர்ந்து, படகு தானாக ஒரு பக்கம் ஆடியது. நான் அதற்குள் இறங்கி, செய்ய வேலை எதுவும் இல்லாமல், சும்மா நின்றேன்.

மறுநாள் காலை வலை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பாதிக் கால்வாய் போயிருப்போம். எதிரே வால்ஃப்ரிட்டின் படகு, இரண்டு பெட்டி நிறைய ஹெர்ரிங் மீனோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. மூக்கோடு மூக்கு முட்டி நின்றது.

“பின்னால போ,” என்றார்.

“நான் போற ஆள். வர்றவங்கதான் விடணும்.”

“எங்க எழுதியிருக்கு?”

“ரெண்டு படகு எதிரெதிரே வந்தா என்ன பண்றதுன்னு எங்கயும் எழுதல மாமா. அடுத்த பங்கீட்டுலதான் எழுதணும்.”

“இருபது வருஷம் இருக்கு.”

“இருக்கட்டுமே.”

அவர் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டுப் புகையிலைக் குழாயை எடுத்தார். நான் பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்தேன். மீன் நாற ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும், வெளியே போகக் காற்று கிடைக்காமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். கடற்காக்கைகள் வந்து பெட்டியைச் சுற்றின. இவார் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தான், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஓரத்து வரப்பில் கால் வைத்து, முழங்கால் சேற்றில் சளக் சளக் என்று வீட்டைப் பார்த்து நடந்தான்.